கடல் கடந்த டச்சு அடுக்களை

பிறந்த ஊரை விட்டு வேற்றூர் சேரும் குடும்பத்திற்கு நாளடைவில் எல்லாம் அமைந்துவிடுகின்றன. வீடு கிடைக்கிறது, பள்ளிக்கூடம் கிடைக்கிறது, அண்டை வீட்டாரின் மொழியும் சிறிது சிறிதாகப் பழகிவிடுகிறது. ஆயினும் அடுப்பு மூட்டிய முதல் நாளிலேயே, “அந்தச் சாமான் இங்கே எங்கே கிடைக்கும்?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ குடியேறியுள்ள நம்மில் எவருக்கும் இக்கேள்வி புதிதன்று. இதே கேள்வியைப் பிற நாட்டு மக்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள், எதனைக் காத்தார்கள், எதனை இழந்தார்கள் என்று அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் சான்று நெதர்லாந்து நாட்டு மக்களாகிய டச்சுக்காரர்கள். அவர்களை ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்தனர்.

பிரெஞ்சுச் சமையலைப் போலவோ இத்தாலியச் சமையலைப் போலவோ டச்சுச் சமையல் உலகப் புகழ் பெற்றதன்று. பெருநகரங்களில் அதற்கென உணவுச் சாலைகளைக் காண்பது அரிது. அது முற்றிலும் வீட்டுச் சமையல். தாய் செய்தாள், மகள் பார்த்தாள், பேத்தி உண்டாள் என்ற வழியாகவே அது வாழ்ந்து வந்திருக்கிறது. வெளியே எவரும் சமைத்துத் தராத உணவை வீடு காத்தால்தான் உண்டு. வீடு கைவிட்டால் இல்லை. ஆகவே, இடம் பெயர்ந்தோரின் அடுக்களையில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஒல்லாந்தர் இல்லத்து உணவு

நெதர்லாந்து தாழ்ந்த நிலம். அதன் ஒரு பகுதி கடல்மட்டத்திற்கும் கீழே உள்ளது. குளிரும் ஈரமும் நிறைந்த அந்நாட்டில், காலை உணவும் நண்பகல் உணவும் பெரும்பாலும் ரொட்டியே. ரொட்டியின்மேல் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இடுவர்; குழந்தைகளுக்குச் சாக்கலேட்டுத் துகளைத் தூவித் தருவர். சூடான உணவு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். அது மாலை ஆறு மணி அளவில் நடைபெறும். தட்டில் மூன்று பகுதிகள் இருக்கும்: உருளைக்கிழங்கு, காய்கறி, சிறிதளவு இறைச்சி. இறைச்சியை வெண்ணெயில் வதக்கும்போது சட்டியில் தங்கும் சாற்றை நீர் விட்டுக் குழம்பாக்கி ஊற்றிக்கொள்வர். பிசைந்த கிழங்கின் நடுவே கரண்டியால் சிறு குழி செய்து, அக்குழியில் குழம்பை நிரப்பி, கரை உடையாமல் உண்பது டச்சுக் குழந்தைகளின் மகிழ்ச்சி. சோற்றின் நடுவே குழி அமைத்து ரசத்தை ஊற்றச் சொல்லி வளர்ந்த நமக்கு அம்மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

இச்சமையலின் உயிர் சிக்கனம். விருந்தினருக்குக் காப்பியுடன் ஒரே ஒரு பிஸ்கோத்து எடுத்துத் தந்துவிட்டு உடனே டப்பாவை மூடிவிடுவார்கள் என்று டச்சுக்காரர்களே தம்மைப் பற்றி நகைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அது கஞ்சத்தனம் மட்டுமன்று. 1910ஆம் ஆண்டில் வன்னே என்ற ஆசிரியை ஆம்ஸ்டர்டாம் இல்லறக் கல்விப் பள்ளிக்காகத் தொகுத்த சமையல் நூல் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டு வீடுகளில் பயன்பட்டது. குறைந்த செலவில் உடலுக்கு வேண்டிய சத்தை அளவறிந்து சமைப்பதே அப்பள்ளிகள் பெண்களுக்குக் கற்பித்த பாடம். பழைய ரொட்டியையும் அவர்கள் எறிவதில்லை. முட்டையும் பாலும் கலந்து அதில் தோய்த்து, வெண்ணெயில் வாட்டி, சர்க்கரை தூவி இனிப்புப் பண்டமாக்கிவிடுவர்.

அந்நாட்டின் தேசிய உணவு எதுவெனக் கேட்டால் பலரும் சொல்லும் விடை ஹுட்ஸ்பொட் என்பது. உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் மூன்றையும் ஒன்றாக வேகவைத்துப் பிசைந்த எளிய உணவு அது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஸ்பானியப் படை லெய்டன் நகரை முற்றுகையிட்டு அதன் மக்களைப் பட்டினியால் வாட்டியது. விடுதலைப் படையினர் கரைகளை உடைத்து வயல்களில் நீரைப் பாய்ச்சி, படகுகளில் வந்து 1574ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் நகரை மீட்டனர். ஓடிப்போன பகைவரின் பாசறையில் சூடு ஆறாத கிழங்குக் கலவைப் பானை ஒன்றை ஓர் அனாதைச் சிறுவன் கண்டெடுத்தான் என்பது செவிவழிக் கதை. இன்றும் அக்டோபர் 3ஆம் நாள் லெய்டன் மக்கள் ஹுட்ஸ்பொட் உண்கின்றனர். உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் அன்று வழங்கப்படுகின்றன.

இக்கதையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பானையில் உருளைக்கிழங்கு இருந்திருக்க இயலாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அக்கிழங்கு டச்சு மக்களின் அன்றாட உணவானது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் வேறு வெண்ணிறக் கிழங்குகளையே இட்டனர். ஆகவே, ‘மாறாத தேசிய உணவு’ என்று போற்றப்படும் ஒன்றிலேயே தலைமையான பொருள் மாறிவிட்டது. பெயரும் செய்முறையும் உண்ணும் நாளும் மாறவில்லை.

சோழமண்டலத் துணியும் சாதிக்காயும்

இவ்வளவு எளிய சமையலில் எதிர்பாராத ஒரு மணம் உண்டு. அவித்த பூக்கோசின்மீதும் பீன்ஸின்மீதும் கீரையின்மீதும் டச்சு இல்லத்தரசி சாதிக்காயைத் துருவித் தூவுகிறாள். லெய்டன் நகரத்துப் பாலாடைக்கட்டியில் சீரகம் இருக்கிறது. பிரீஸ்லாந்துப் பகுதியின் பாலாடைக்கட்டியில் கிராம்பு இருக்கிறது. டிசம்பர் 5ஆம் நாள் மாலை, குழந்தைகளுக்குப் பரிசு தரும் புனித நிக்கோலாசின் விழாவுக்காகச் செய்யும் ‘ஸ்பெகுலாஸ்’ என்ற பிஸ்கோத்தில் இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய் மூன்றும் சேர்கின்றன.

இவை அந்நாட்டில் விளைபவை அல்ல. 1602ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இவற்றைக் கிழக்குக் கடல்களிலிருந்து கொண்டு சென்றது. அக்காலத்தில் சாதிக்காய் விளைந்த பாண்டாத் தீவுகளை 1621ஆம் ஆண்டில் அக்கம்பெனி பெருங்கொடுமை புரிந்து கைப்பற்றியது. தீவு மக்களில் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது அடிமைகளாயினர். இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நறுமணப் பொருள்களை விற்ற தீவுகளில் பொன்னையும் வெள்ளியையும்விட விரும்பி ஏற்கப்பட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அத்துணியைத் திரட்டுவதற்காகவே ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டில் கோட்டை எழுப்பினர். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தம் வசம் வைத்திருந்தனர். ஆம்ஸ்டர்டாம் இல்லத்துப் பூக்கோசின்மேல் விழுந்த சாதிக்காய்த் துருவலுக்கு விலையாகச் சென்ற பொருள்களுள் நம் நெசவாளர் கைத்துணியும் ஒன்று. நாம் அன்றாடம் வழங்கும் ‘துட்டு’ என்ற சொல்லும் ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசின் பெயரிலிருந்து வந்ததே.

முதல் பயணம்: இலங்கை

ஒல்லாந்தர் வாணிகத்திற்காகக் கடல் கடந்தபோது அவர்களுடைய அடுக்களையும் உடன் கடந்தது. இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் 1658 முதல் 1796 வரை அவர்களுடைய ஆட்சியில் இருந்தன. அங்கேயே தங்கிப்போன அவர்களுடைய வழிவந்தோரைப் பறங்கியர் என்பர். உருளைக்கிழங்கும் வெண்ணெயும் எளிதில் கிடைக்காத அந்த வெப்ப நாட்டில் அவர்கள் சமையல் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ‘லம்ப்ரைஸ்’ என்பது பறங்கியர் வீட்டு விருந்துணவு. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, கறி, கத்தரிக்காய்ப் பிரட்டல், சம்பல், சிறு இறைச்சி உருண்டைகள் ஆகியவற்றை வாழையிலையில் பொதிந்து அடுப்பில் வாட்டி எடுப்பது அது. அதன் பெயர் பொட்டலச் சோறு என்னும் பொருளுடைய டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. உள்ளிருக்கும் இறைச்சி உருண்டையின் பெயரும் டச்சுப் பெயரே. சோறும் சம்பலும் வாழையிலையும் கீழ்த்திசைக்கு உரியவை. நத்தார்ப் பண்டிகைக்காகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் ‘புருடர்’ என்ற ரொட்டிப் பண்டத்தை, சிவந்த மேலுறை உடைய ஈடம் பாலாடைக்கட்டியுடன் உண்ணும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. நம் கொச்சியிலும் அப்பண்டம் ஒல்லாந்தரின் நினைவாக நிலைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர் பீன்ஸைப் ‘போஞ்சி’ என்பதும் டச்சுச் சொல்லின் வழி வந்ததே.

1956ஆம் ஆண்டில் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் நிறைவேறிய பின்னர், பறங்கியர் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுடன் லம்ப்ரைஸ் இரண்டாம் முறையாகக் கடல் கடந்து மெல்பர்ன் நகரை அடைந்தது. வாழையிலை எளிதில் அகப்படாத ஊரில் அதற்கு மாற்றுத் தேட வேண்டியவர்கள் ஆயினர் அவர்கள்.

இரண்டாம் பயணம்: பெல்லா

1847ஆம் ஆண்டில் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற சமயத் தலைவரைப் பின்பற்றிச் சில நூறு டச்சு மக்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பெல்லா என்ற ஊரை நிறுவினர். அங்கே உழவு நிலமும் பாலும் வெண்ணெயும் குறைவின்றிக் கிடைத்தன. எனவே பண்டங்கள் பெரிதும் மாறவில்லை, மாறியது காலம். வாதுமை விழுதைப் பல அடுக்கு மாவில் பொதிந்து எழுத்து வடிவில் சுடும் பண்டம் தாயகத்தில் டிசம்பர் மாத விழாவுக்கு உரியது. பெல்லாவின் ரொட்டிக் கடைகளில் அது ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் ஆண்டு முழுவதும் விற்பனையாகிறது. 1935ஆம் ஆண்டு முதல் நடைபெறும் துலிப் மலர் விழாவுக்கு வருவோர் அதனை விரும்பி வாங்கிச் செல்கின்றனர்.

இஃது ஒரு வெற்றியே, ஐயமில்லை. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விழாவிலும் கடையிலும் காட்சிக்கு வரும் உணவு நீடித்து நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு எவரும் பாராத வீட்டு மேசையில் வைக்கப்படும் கிழங்கும் கீரையும் அவ்வாறு காட்சிக்கு வருவதில்லை. அதனைக் காப்பதற்கு வீட்டாரைத் தவிர வேறு எவரும் இல்லை.

மூன்றாம் பயணம்: போருக்குப் பின்

மூன்றாவது பயணமே மிகப் பெரியது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆதிக்கத்தில் இருந்த மேற்கு நெதர்லாந்துக்கு உணவு வருவது தடைப்பட்டது. மக்கள் துலிப் மலர்க் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் வேகவைத்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ‘பசிக் குளிர்காலம்’ என்றே அக்காலம் பெயர் பெற்றது. போர் முடிந்தபின் வீட்டுப் பஞ்சமும் நிலப் பஞ்சமும் தொடர்ந்தன. 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கடல் கரைகளை உடைத்துப் புகுந்து 1,836 உயிர்களைப் பலி கொண்டது. அரசாங்கமே குடிபெயர்வை ஊக்குவித்தது. போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கனடா, ஆஸ்திரேலியா, நியூசீலாந்து, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். போர்க்காலத்தில் கட்டப்பட்ட வாட்டர்மான், குரோட்டே பேர் முதலிய கப்பல்களில், தட்டுமுட்டுச் சாமான்களைப் பெரிய மரப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள்.

சென்ற இடத்தில் உணவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உண்பதற்கு மனம் ஒப்பவில்லை. கனடாவில் கிடைத்த பஞ்சு போன்ற வெள்ளை ரொட்டி அவர்களுக்கு ரொட்டியாகவே தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவில் குடியேறிகள் தங்கவைக்கப்பட்ட முகாம்களில் நாள்தோறும் வந்த முதிர்ந்த ஆட்டிறைச்சியின் நெடியைப் பலர் நெடுங்காலம் மறக்கவில்லை. பசியால் வாடி வந்தவர்கள் நிறைந்த தட்டின்முன் உண்ண மனமின்றி இருந்தார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம். பசி தீர்வது வேறு, வீட்டில் உண்டோம் என்ற நிறைவு வேறு என்பதை இடம் பெயர்ந்தோர் அறிவர்.

முகாமை விட்டுத் தனி வீடு கிடைத்ததும் தோட்டத்தில் சுருட்டைக் கீரையைப் பயிரிட்டார்கள். அது கோசின் இனத்தைச் சேர்ந்த, முட்டைக்கோசு போல உருளாத கீரை. உறைபனி பட்ட பிறகே அதற்கு இனிப்பு ஏறும் என்று தாயகத்தில் சொல்வர். ஆஸ்திரேலியாவில் பருவங்கள் தலைகீழ். டிசம்பரின் கடும் வெயிலில் புனித நிக்கோலாசின் விழாவைக் கொண்டாட வேண்டியிருந்தது. ஆண்டின் கடைசி நாளன்று உலர்ந்த திராட்சை கலந்து எண்ணெயில் பொரிக்கும் ‘ஒலிபோலன்’ உருண்டைகளைக் குளிர்காய்ந்துகொண்டே உண்பது போய், வியர்வை சிந்திக்கொண்டே உண்ண வேண்டியதாயிற்று. அவர்கள் என்ன செய்தார்கள்? குளிருக்குரிய பட்டாணிச் சாற்றை அங்கே குளிர்காலமாகிய ஜூலைக்கு மாற்றிக்கொண்டார்கள். நாளுக்குரிய பண்டத்தை, வெயிலானாலும், அந்த நாளிலேயே வைத்துக்கொண்டார்கள். உடலுக்கான உணவு பருவத்தைப் பின்பற்றியது. நினைவுக்கான உணவு நாட்காட்டியைப் பின்பற்றியது. இது எவரும் கூடி எடுத்த முடிவன்று. ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் தாமாகக் கண்ட வழி.

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவோருக்கு மொறுமொறுப்பான வட்ட ரொட்டியில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பை அதன்மேல் தூவித் தருவது டச்சு வழக்கம். பேரப்பிள்ளைகள் பிறந்தபோது அந்தச் சோம்பு மிட்டாயைத் தாயகத்திலிருந்து தருவித்துக்கொண்டவர்கள் பலர்.

எஞ்சியதும் இழந்ததும்

இவ்வளவு கவனமாக உணவைக் காத்தவர்கள் தம் மொழியையும் காத்தார்களா? இங்கேதான் நாம் சற்று நின்று எண்ண வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறியோரின் மொழி வழக்கை நெடுங்காலம் ஆராய்ந்த மைக்கேல் கிளைன் என்ற மொழியறிஞர், தாய்மொழியைக் கைவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவதில் மிகவும் விரைந்தவர்கள் டச்சுக்காரர்களே என்று காட்டியுள்ளார். குடியேறிகள் புதிய சமுதாயத்தோடு முற்றிலும் கலந்துவிட வேண்டும் என்பதே அக்காலத்து அரசின் கொள்கை. நல்ல குடிமக்கள் எனப் பெயரெடுக்க விரும்பிய பெற்றோர், பிள்ளைகளோடு வீட்டிலும் ஆங்கிலமே பேசினர். ஒரே தலைமுறையில் பல குடும்பங்களில் டச்சு மொழி வழக்கொழிந்தது.

விளைவு என்ன? பட்டாணிச் சாறு இருந்தது. அதன் பெயரும் இருந்தது. ஆனால் அதைக் கிண்டியபடி பாட்டி சொன்ன கதை பேத்திக்கு விளங்கவில்லை. அதனினும் துயரமானது ஒன்று உண்டு. முதுமையில் நினைவு தளரும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் பலருக்கு முதலில் நழுவிவிடுகிறது. இளமையில் பேசிய டச்சு மொழியே நாவில் எஞ்சுகிறது. அவ்வாறு தாய்மொழிக்குத் திரும்பிய தாயோடு பேசச் சொல் இன்றி நிற்கும் பிள்ளைகள் அந்நாட்டில் உண்டு. அத்தகைய வேளையில் பழைய முறையில் செய்த ஒரு கிண்ணம் சாறு இருவருக்கும் இடையே ஒரு பாலமாகலாம். ஆனால் சாறு மட்டுமே பாலமாக நிற்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி அப்பிள்ளைகளின் உள்ளத்தில் எழாமல் இருக்குமா?

நம் அடுக்களையில்

இவ்வுணவைச் செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காகச் சில குறிப்புகளைத் தருகிறோம். அயல்நாட்டு உணவை நம் ஊர்ப் பொருளால் சமைத்துப் பார்த்தால், இடம் பெயர்ந்தோர் ஒவ்வொரு நாளும் செய்த ஆராய்ச்சி எத்தகையது என்பது கைவழியாகவே விளங்கும்.

முதலாவது ஹுட்ஸ்பொட். ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரைக் கிலோ காரட், கால் கிலோவுக்குச் சற்று மிகுந்த வெங்காயம் எடுத்துக்கொள்க. எல்லாவற்றையும் தோல் நீக்கித் துண்டங்களாக்கி, உப்பிட்டு, சிறிதளவு நீரில் மூடி 25 நிமிடம் வேகவைக்க வேண்டும். நீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு, 50 கிராம் வெண்ணெயும் சிறிது சூடான பாலும் சேர்த்துக் கையால் மசிக்க வேண்டும். மிளகுப்பொடியும் சாதிக்காய்த் துருவலும் இறுதியில் சேர்க. மாவுத்தன்மை மிகுந்த பழங்கிழங்கே ஏற்றது. மின் அரைவைக்கருவியில் இட்டால் பசை போலாகிவிடும். வட இந்தியக் குளிர்காலத்தில் வரும் சிவப்புக் காரட்டை இட்டால் நிறம் மாறும், இனிப்பும் கூடும். ஆரஞ்சு நிறக் காரட்டே மூலச் சுவைக்கு அண்மையானது.

இரண்டாவது பட்டாணிச் சாறு. டச்சு மொழியில் இதனை ‘ஸ்னெர்ட்’ என்பர். அரைக் கிலோ உடைத்த பச்சைப் பட்டாணிப் பருப்பை இரண்டு லிட்டர் நீரில் பிரிஞ்சி இலையுடன் மெல்லிய தீயில் வேகவைத்து, பருப்புக் கரையத் தொடங்கியதும் காரட், உருளைக்கிழங்கு, வெங்காயம், வெங்காயத்தாள், செலரித் தண்டு ஆகியவற்றை நறுக்கிச் சேர்க்க வேண்டும். தாயகத்தில் இதில் பன்றி இறைச்சியும் புகையூட்டிய கொத்திறைச்சிக் குழலும் சேரும். மரக்கறி உண்போர் அவற்றை விட்டுவிடலாம். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருத்தல் வேண்டும். நட்ட கரண்டி சாயாமல் நிற்கும் அளவுக்கு இறுக வேண்டும் என்பது இலக்கணம். மறுநாள் சூடாக்கி உண்பதே சிறப்பு. இறக்கும்போது கடுகு தாளிக்கக் கை துடிக்கும். முதல் முறையேனும் தாளிக்காமல் உண்டு பார்க்குமாறு வேண்டுகிறோம்.

மூன்றாவதற்கு நம் வீட்டுப் பணியாரக் கல்லே போதும். ‘போஃபர்ச்சஸ்’ என்ற சிறு அப்பங்களைச் சுடுவதற்கு டச்சுக்காரர்கள் பயன்படுத்தும் குழிக்கல், பணியாரக் கல்லின் உடன்பிறப்புப் போன்றது. குழிகள் மட்டும் ஆழம் குறைந்தவை. அதற்கு வேண்டிய மாவு கோதுமை மாவும், வட இந்தியர் நவராத்திரி நோன்பில் உண்ணும் குட்டு மாவும் ஆகும். குட்டுச் செடி தானிய இனத்தைச் சேர்ந்ததன்று. வளமற்ற மணற்பாங்கான நிலத்திலும் விளைவது. ஆகவே நெதர்லாந்தின் கிழக்கு, தெற்குப் பகுதிகளின் ஏழை உழவர்களுக்கு அது முற்காலத்தில் உணவாயிற்று. இரு மாவிலும் வகைக்கு 125 கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், சிட்டிகை உப்பு, வெதுவெதுப்பான பால் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் ஆகியவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் பொங்கவிட வேண்டும். குழிகளில் வெண்ணெய் தடவி, பாதியளவே மாவு ஊற்றி, இருபுறமும் சுட்டு, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் தூவிச் சூடாகப் பரிமாறலாம்.

இம்மூன்று பயணங்களிலிருந்தும் நாம் அறிவது என்ன? பொருள் மாறுவதால் ஓர் உணவு அழிந்துவிடுவதில்லை. உருளைக்கிழங்கு வந்ததால் ஹுட்ஸ்பொட் அழியவில்லை. வாழையிலையில் பொதிந்ததால் டச்சுப் பெயர் மறையவில்லை. செய்முறையும், உண்ணும் நாளும், பக்கத்தில் நின்று பார்க்கும் ஒரு சிறு பிள்ளையும் இருக்கும்வரை அது வாழும். எனவே நல்லெண்ணெய் கிடைக்கவில்லை, பச்சரிசி சரியில்லை என்று நாம் மிகவும் வருந்த வேண்டியதில்லை.

கவலை கொள்ள வேண்டியது மற்றொன்றைப் பற்றி. டச்சுத் தாய்மார் மகளிருக்குச் செய்முறையைக் கற்பித்தனர். அதனைக் கற்பித்த மொழியைக் கற்பிக்கத் தவறினர். இவ்விரண்டையும் ஒரே வேளையில் செய்வதற்கு அடுக்களையைவிட ஏற்ற பள்ளி இல்லை. பிள்ளையை அருகில் அழைத்து, “உளுந்தை எடு, களைந்து ஊறவை, பதம் பார்” என்று சொல்லுங்கள். அச்சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளை எந்த ஊரில் எந்த அரிசியைக் கொண்டு சமைத்தாலும், நம்மோடு பேசிக்கொண்டே சமைக்கும்.